கடல் விலகிப்போன கடைவீதி



பழமை புதுக்கப்பெற்ற கடற்கரைக் கடைவீதி ஒன்றையும் அதன் அருகே அமைந்த கடலோர உலாச்சாலையையும் பற்றி இன்று பேசுவதாக ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பின்னரே, நான் பேச நினைத்த கடைவீதியில் எங்கே நின்று பார்த்தாலும் கடல் தென்படாது என்பதை உங்களுக்கு எவ்வாறு விளக்குவது என்ற சங்கடம் தோன்றிற்று. கத்தார் நாட்டின் தலைநகராகிய தோஹாவில் உள்ள சூக் வாக்கிஃப் என்னும் பழைய சந்தையே நான் குறிப்பிடுவது. சில தலைமுறைகளுக்கு முன் கடலலைகள் ஏறிவரும் எல்லையிலேயே இருந்த அச்சந்தைக்கும் இன்றைய கரைக்கும் நடுவே அகன்ற ராஜபாட்டை ஒன்று ஓடுகிறது. பூங்கா ஒன்று விரிந்து கிடக்கிறது. கடலைத் தூர்த்து எடுத்த நிலம் பரந்திருக்கிறது. மனிதர்கள் ஒரு கடைவீதியை மீண்டும் எழுப்பலாம், அதன் சுவருக்குப் பழைய மண்சாந்தையும் பூசலாம், ஆனால் அது பிறப்பதற்குக் காரணமாயிருந்த கடலைத் திரும்ப அதன் வாசலுக்கு அழைத்து வருவதென்பது ஆகாத காரியம். ஆதலின், புனருத்தாரணம் என்று சொல்லும்போது எதைத் திருப்பிக் கொணர்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்னும் கேள்வி அவ்விடத்தில் நடக்கிறவனை விட்டு நீங்குவதே இல்லை.

பழைய தோஹா சிறிய ஊர். மழைநீர் ஓடுவதற்கு மட்டுமே பயன்பட்டு, ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் முஷைரிப் என்ற ஓடை கடலில் சேரும் இடத்தை ஒட்டி அச்சந்தை கூடிற்று. பாலைவனத்திலிருந்து நாடோடி மக்களாகிய பதூவியர் ஆட்டு ரோமத்தையும் நெய்யையும் கால்நடைகளையும் கொண்டுவர, கடல்வழியாக அரிசியும் துணியும் பேரீச்சையும் மரமும் வந்திறங்க, மணலுக்கும் நீருக்கும் நடுவே இருந்த அந்தச் சிறு இடத்தில் இரண்டு உலகங்கள் பண்டமாற்றுச் செய்துகொண்டன. அங்கே புழங்கிய நாணயம் எது என்று கேட்டால் நம்மில் பலர் வியப்படையக்கூடும். 1966-ஆம் ஆண்டு வரையில் கத்தாரில் செல்லுபடியானது ரூபாயே. முதலில் நம் இந்திய ரூபாயும், 1959-க்குப் பிறகு வளைகுடா நாடுகளுக்கென்று நமது ரிசர்வ் வங்கி தனியாக அச்சிட்ட ரூபாயும் அச்சந்தையின் கல்லாப்பெட்டிகளில் விழுந்தன. பம்பாய்க்கும் அந்தக் கரைக்கும் இருந்த உறவு அத்தகையது. வளைகுடாவின் முத்தில் பெரும்பகுதி பம்பாய்க்கு வந்து, அங்கே துளையிடப்பட்டுத் தரம் பிரிக்கப்பட்ட பின்னரே ஐரோப்பாவின் நகைக்கடைகளை அடைந்தது.

முத்தைப் பற்றி நான் சற்று விரிவாகவே பேசவேண்டும். அது இல்லையேல் சந்தையும் இல்லை. கோடை தொடங்கியதும் ஊரிலுள்ள வலிய ஆண்மக்கள் அனைவரும் பாய்க்கப்பல்களில் ஏறி, ஏறக்குறைய நான்கு மாதம் கடலிலேயே வசித்தனர். ஆமை ஓட்டாலோ மரத்தாலோ செய்த கவ்வியை மூக்கில் மாட்டி, காலில் கல்லைக் கட்டி, இடுப்பில் கயிற்றுடன் மூழ்குகிறவன் ஒருவன். அவன் அசைத்த கயிற்றின் அசைவைக் கையில் உணர்ந்து மேலே இழுக்கிறவன் ஒருவன். இவர்கள் இருவருக்கும் அலுப்புத் தோன்றாதபடி இரவும் பகலும் பாடுவதற்கென்றே சம்பளம் பெற்ற பாடகன் ஒருவன். இவர்கள் எல்லோர் மேலும் நகுதா என்னும் கப்பல் தலைவன். அந்தச் சொல்லை நம் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள முதியோர்கள் நன்கு அறிவார்கள். மன்னார் வளைகுடாவில் அரசாங்கம் சலாபம் என்னும் முத்துக்குளிப்பை அறிவித்த ஆண்டுகளில், நம் பரதவரும் மரைக்காயரும் குளித்த அதே முத்துப் பார்களில் குளிப்பதற்காகப் பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியர்கள் கப்பலேறி வந்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையில் நடந்த பெரிய சலாபங்களில் அவர்களுக்குத் தனிப் பெயர் இருந்தது. கூடுதலான நேரம் நீரடியில் தங்குவதில் வல்லவர்கள் என்று அக்காலத்து அறிக்கைகள் அவர்களைப் பாராட்டின. ஆகவே தோஹாவின் கடைவீதியில் முத்து விற்கிற ஒரு சிறு கடையின் முன் நிற்கும் தமிழனுக்கு அது முற்றிலும் அந்நியமான வாசலன்று.

ஆயினும் முத்துக்குளித்தலைக் காவியமாக்கிப் பேசுவது இக்காலத்தில் எளிதாகிவிட்டது. அதற்கு உள்ளே இருந்த கணக்குப்புத்தகத்தை நாம் திறந்து பார்ப்பதில்லை. பருவம் தொடங்குமுன் குடும்பத்தின் அரிசிக்காக நகுதாவிடம் முன்பணம் வாங்குகிறான் குளிப்பவன். அந்த நகுதாவோ முத்து வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறான். பருவம் முடிந்து முத்தை விற்றுப் பங்கு பிரிக்கும்போது, எழுதப்படிக்கத் தெரியாத குளிப்பவனின் பங்கு அவன் பெற்ற கடனுக்கு ஈடாகாமல் போகிறது. அடுத்த பருவமும் அதே கப்பலில் அவன் ஏறியே தீரவேண்டும். தந்தை இறந்தபின் கடன் மகன் தலையில் ஏறிய வழக்கமும் வளைகுடாக் கரையில் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளும் அக்கப்பல்களில் மூழ்கினார்கள். அவர்கள் எடுத்த முத்தின் விலை அவர்களை உடைமையாகக் கொண்டவர்களையே சேர்ந்தது. கத்தாரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1952-இல்தான்.

இந்த வாழ்வு முழுவதும் விரைவில் குலைந்தது. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதாரச் சரிவில் நகை வாங்குவோர் குறைந்தனர். அதே வேளையில் ஜப்பானில் மிக்கிமோட்டோ வளர்த்தெடுத்த செயற்கைப் பண்ணை முத்து சந்தைக்கு ஏராளமாக வந்தது. 1930-களில் தோஹாவில் பசி புகுந்தது. குடும்பம் குடும்பமாக மக்கள் வெளியேறினார்கள். துக்கான் என்னும் இடத்தில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டும், இடையே உலகப்போர் வந்து கிணறுகளை அடைத்து வைக்க நேர்ந்ததால், முதல் எண்ணெய்க் கப்பல் கத்தாரை விட்டுப் புறப்பட்டது 1949-ஆம் ஆண்டின் இறுதியில்தான். அதன்பின் செல்வம் வந்தது. செல்வம் வந்தால் பழைய சந்தைக்கு என்ன கதி நேரும் என்பதை நாம் நம் ஊர்களிலேயே கண்டிருக்கிறோம்: மண்சுவர்கள் போய்ச் சிமெண்டுச் சுவர்கள் எழுந்தன, கூரைகளில் தகரத் தகடுகள் ஏறின, குளிர்சாதனப் பெட்டிகள் ஜன்னல்தோறும் துருத்திக்கொண்டு நீர் சொட்டின. வாங்குவோர் புதிய அங்காடி மாளிகைகளுக்குச் சென்றனர். 2003-இல் தீயொன்று பரவிச் சந்தையின் பெரும்பகுதியைக் கருக்கிற்று.

இவ்வளவில் அதை இடித்துத் தள்ளிவிட்டு, மற்றொரு கண்ணாடி மாளிகை எழுப்புவதே அந்நாளைய வளைகுடா நகரங்களின் சம்பிரதாயமாக இருந்தது. தோஹாவில் அவ்வாறு நடக்கவில்லை. முகமது அலி அப்துல்லா என்ற கத்தார் நாட்டுக் கலைஞர் ஒருவரின் பொறுப்பில், கடைவீதியின் வரலாறும் எஞ்சிய கட்டடங்களும் விரிவாக ஆராயப்பட்டன; பழமையோடு ஒட்டாத பிற்காலக் கட்டடங்கள் அகற்றப்பட்டன; தகரக் கூரைகள் நீங்கி, பழைய முறைப்படி மரக்கழிகளை வரிசையாகக் கிடத்தி, அவற்றின் மேல் மூங்கிற் பிளாச்சுகளைப் பரப்பி, வைக்கோல் கலந்த களிமண்ணைக் கனமாகப் பூசிய கூரைகள் திரும்பின. 2008 வாக்கில் வேலையின் பெரும்பகுதி நிறைவெய்திற்று. 2010-இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக்கான இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. மண்பூச்சுக் கூரையின் பயன் அழகு மட்டுமன்று. நாற்பத்தைந்து பாகை வெயில் காயும் நாட்டில், கனத்த மண்சுவரும் குறுகிய சந்தும் ஒன்றுக்கொன்று நிழலாகி நிற்கிற அந்த அமைப்பின் கீழே நுழைந்ததும் உடல் அதை உணர்கிறது. அக்காலத்துக் கொத்தனுக்கு வேறு குளிர்சாதனம் கிடையாது.

இதில் ஒரு குறை சொல்வார் உண்டு. இன்று நாம் காணும் சுவர்களில் பெரும்பாலானவை இந்த நூற்றாண்டில் எழுந்தவை. பழைய வேடம் பூண்ட புதிய கட்டடங்களை எவ்வாறு பழமை என்று கொள்வது என்பது அவர்கள் வாதம். வாதம் பொருளற்றது அன்று. நம் நாட்டிலும் ஜீர்ணோத்தாரணம் என்ற பெயரால் கோயிற் சுவர்களின்மீது மணலை வீசிப் பீய்ச்சிக் கல்வெட்டுகளையே தேய்த்துவிட்ட திருப்பணிகள் நடந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து வருந்திய எனக்கு, புதுக்கப்பெற்ற எதனையும் ஐயத்தோடு நோக்குகிற பழக்கம் உண்டு. ஆயினும் கோயிற் கல்வெட்டுப் போன்றதன்று சந்தையின் மண்சுவர். மழை பெய்தால் கரைந்தும், ஆண்டுதோறும் மீண்டும் பூசப்பெற்றும் நின்ற சுவர் அது. தொடக்கமுதலே புதுக்கப்படுவதையே தன் இயல்பாகக் கொண்டது. ஆகவே அங்கே சுவரின் வயதைக் கேட்பதை விட, அச்சுவருக்குள் நடக்கும் வியாபாரம் யாருக்காக நடக்கிறது என்று கேட்பதே பொருத்தம் என்று என் புத்திக்குப் படுகிறது.

அந்தக் கேள்வியோடு சாயங்காலத்தில் அங்கே போகவேண்டும். நண்பகலில் சந்தை உறங்குகிறது. அசர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பின்னரே கடைகள் மெல்லத் திறக்கின்றன. செம்பழுப்பு நிறத்தில் மேற்சட்டை அணிந்து, ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு, பெரும்பாலும் முதியவராகவே காணப்படும் சுமைகூலிகள் கூட்டத்தின் இடையே வழி கேட்டுச் செல்கிறார்கள். குடும்பத்தோடு சாமான் வாங்க வந்தவர்கள் அரிசி மூட்டையையும் சமையற் பாத்திரங்களையும் அவ்வண்டிகளில் ஏற்றிவிட்டுப் பின்னே நடப்பதைக் காணலாம். இந்தச் சுமைகூலிகளைக் காட்சிப்பொருள் என்று முதலில் எண்ணினேன். அதைச் சொன்னபோது அங்கே ஒரு கடைக்காரர், மோட்டார் வண்டி நுழையாத சந்துகளில் வேறு எப்படி ஐயா மூட்டை போகும் என்று கேட்டார். கறுத்து உலர்ந்த எலுமிச்சை, குங்குமப்பூ, ஏலம், மருதாணி, சாம்பிராணி, அகில் கட்டை ஆகியவை சாக்குச் சாக்காகத் திறந்து கிடக்கின்றன. கேரளத்து ஏலத்தைக் கேரளத்தார் ஒருவரே நின்று ஈரானியர் ஒருவருக்கு அரபு மொழியில் விலை பேசி விற்கிறார். பாத்திரக்கடையில் நம் திருமண மண்டபங்களில் காணும் அளவுக்குப் பெரிய அண்டாக்கள் கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளன. ஓர் ஆட்டை முழுதாக வேகவைக்க அவை தேவை. சுற்றுலாப் பயணி எவனும் அண்டாவை விமானத்தில் கொண்டுபோவதில்லை. அண்டா விற்கிற கடை உள்ளவரையில் அது சந்தைதான், பொருட்காட்சியன்று.

வல்லூறுகளுக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. கண்ணை மறைத்த தோற்குல்லாயுடன், தாழ்ந்த கட்டைகளின்மீது வரிசையாக அமர்ந்திருக்கும் அப்பறவைகளைக் கைமேல் ஏந்தி எடைபார்த்து, இறக்கையை விரித்துப் பார்த்து, நம்மூர் மாட்டுத்தாவணியில் பல் பிடித்துப் பார்க்கிற சிரத்தையோடு விலை பேசுகிறார்கள். அவற்றுக்கு அருகிலேயே வைத்தியசாலை ஒன்றும் இருக்கிறது. உடைந்த இறகுக்குப் பதில் வேறு இறகை ஒட்டிச் சேர்க்கும் சிகிச்சை அங்கே நடக்கிறது. இன்னொரு மூலையில் முதியவர்கள் தாமா என்ற பலகையாட்டத்தை ஆடுவதற்கென்று ஒரு மன்றம். அங்கே நின்று வேடிக்கை பார்ப்பவனை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, ஆட்டத்தின் மும்முரம் அப்படி. தேநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கரக் என்ற பெயரில், பாலோடு ஏலக்காய் சேர்த்துத் திடமாகக் காய்ச்சி, சப்பாத்தியோடு அங்குள்ளோர் தங்கள் தேசிய பானம்போல் குடிக்கிற அதை, வளைகுடாவுக்குப் பிழைக்கப்போன நம் இந்தியர்கள்தான் கொண்டுசேர்த்தார்கள். முதன்மைத் தெருவில் உணவுச்சாலைகள் மட்டும் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். அங்கே விரைந்து நடந்துவிட்டுப் பக்கச் சந்துகளில் சாவகாசமாக இருப்பது நல்லது.

சந்தைக்கு மறுபுறம், பழைய வீடுகள் நான்கைப் பழுதுபார்த்து அருங்காட்சியகங்களாக்கியிருக்கிறார்கள். அவற்றுள் பின் ஜல்மூத் இல்லம் என்பது முழுவதும் அடிமை வாணிகத்தின் வரலாற்றுக்கென்றே 2015-இல் திறக்கப்பட்டது. தன் நாட்டின் வெட்கத்தை ஒரு வீடு நிறைய எழுதிவைக்க முன்வருகிற அரசுகள் உலகில் குறைவே. அந்த அளவில் அதனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அவ்வீட்டைச் சுற்றி முன்பு நெருக்கமாக இருந்த பேட்டை, பெரும்பாலும் தெற்காசியத் தொழிலாளிகள் குடியிருந்த சந்துகள், இடிக்கப்பட்டு இன்று விலையுயர்ந்த புதுநகரமாகியிருக்கிறது. அந்தச் சந்துகளை யாரும் புதுக்கவில்லை.

இனிக் கடற்கரைக்கு வருவோம். சந்தையிலிருந்து சுரங்கப்பாதையோ போக்குவரத்து விளக்கோ கடந்து வடக்கே நடந்தால் கோர்னிஷ் என்னும் உலாச்சாலை. ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் நீளம், பிறைபோல் வளைந்து, குடாவைத் தழுவிக் கிடக்கிறது. அந்த வளைவு இயற்கை தந்ததன்று. 1970-களின் இறுதியிலும் 80-களிலும் கடலடி மண்ணைத் தோண்டி எடுத்துக் கரையோரம் கொட்டி, கோணல்மாணலாக இருந்த கடற்கரையைத் திருத்தி அமைத்தார்கள். வில்லியம் பெரேரா என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வடமுனையில் புதிய நகர்ப்பகுதிக்குத் திட்டம் வகுத்தார். அவரே வரைந்த கூர்நுனிக் கோபுர வடிவான ஷெராட்டன் ஓட்டல் 1982-இல் திறக்கப்பட்டபோது அந்தத் தூர்த்த நிலத்தில் அது ஏறக்குறையத் தன்னந்தனியே நின்றது. இன்றோ அதன் பின்னே எழுந்த கண்ணாடிக் கோபுரங்களுக்கிடையே அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தென்முனையில் ஐ. எம். பெய் வகுத்த இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம், 2008-இல் திறக்கப்பெற்றது, அதற்கென்றே எழுப்பிய தீவில் நிற்கிறது. பிற்காலத்தில் பக்கத்திலே கட்டடங்கள் எழுந்து மறைத்துவிடலாகாது என்பதற்காகத் தீவு வேண்டுமென்று கேட்டவர் அக்கலைஞரே. கெய்ரோ நகரத்து இப்னு தூலூன் பள்ளிவாசலின் முற்றத்தில் உள்ள நீர்மண்டபத்திலிருந்து அதன் வடிவம் பிறந்தது. சதுரமும் எண்கோணமுமாக, நிழலும் வெளிச்சமுமாக அடுக்கிய அந்தக் கட்டடத்தைக் காலையில் ஒருமுறையும் அந்தியில் ஒருமுறையும் பார்க்காமல் யாரும் ஊர் திரும்ப வேண்டாம்.

இவ்விரண்டு முனைகளுக்கும் இடையே மரக்கலங்கள் நங்கூரமிட்டிருக்கின்றன. முன்பு முத்துக்கும் அரிசிக்கும் ஓடிய அதே வடிவம். இன்று மோட்டார் பொருத்தி, வண்ண விளக்குகள் தொங்கவிட்டு, பார்வையாளரை ஏற்றிக் குடாவைச் சுற்றிக் காட்டுகின்றன. மாலுமிகளுள் இந்தியர் பலர். கரையோரத்தில் சிப்பி ஒன்று வாய்திறந்து முத்தைக் காட்டுவதுபோல் நிறுவிய சின்னத்தின் முன்பு மக்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். முத்தின் நினைவு எல்லோருக்கும் இருக்கிறது, குளித்தவனின் கடன் நினைவு அச்சிப்பியில் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலையில் அந்த உலாச்சாலையைப் பார்த்தால்தான் தோஹா யாரால் ஆனது என்பது புலப்படும். நுழைவுக்கட்டணம் இல்லாத இடம் அது. ஆகவே வாரம் முழுவதும் சாரத்தின்மேலும் சமையலறையிலும் வாகனத்திலும் கழித்த நேபாளியரும் வங்காளியரும் மலையாளிகளும் நம் தமிழரும் அங்கே புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து, தொலைபேசியில் ஊரைப் பார்த்துப் பேசுகிறார்கள். திருநெல்வேலித் தமிழும் இராமநாதபுரத்துத் தமிழும் தஞ்சைத் தமிழும் பத்தடி தூரத்துக்குள் காதில் விழுகின்றன. அவர்களில் சிலரிடம் பேசிக்கொண்டிருந்தேன். சந்தையை மீண்டும் கட்டியவர்களைப் பற்றியோ அருங்காட்சியகத்தைப் பற்றியோ அவர்கள் பேசவில்லை. வந்து எத்தனை மாதத்தில் கடன் அடைந்தது என்பதே பேச்சு. ‘ஏஜெண்டுக்குக் கட்டின காசு அடைய ஒன்றரை வருஷமாச்சு சார்’ என்றார் ஒருவர். அதைக் கேட்டபோது, ஆட்டு ரோமமும் நெய்யும் விற்ற காலத்துக் கணக்குப்புத்தகம் என் முன் விரிந்தது. முன்பணத்துக்காகப் பிணைந்து, அது தீரும்வரை கப்பலை விட்டு இறங்க முடியாத குளிப்பவனும், வட்டிக்கு வாங்கி விசாவுக்குக் கொடுத்துவிட்டு, வேலை எப்படியிருப்பினும் திரும்ப முடியாத இந்த இளைஞனும் ஒரே கரையில் நிற்கிறார்கள். சந்தையைத் திருப்பிக் கொணர்வதற்கு ஒரு கலைஞரும் ஓர் அரசும் பல ஆண்டு உழைக்க நேர்ந்தது. கடனோ யாரும் புதுக்காமலே திரும்பி வந்துவிட்டது.

கத்தார் அரசின்மீது இப்பழி முழுவதையும் சுமத்துவது நியாயமாகாது. வேலை மாறுவதற்கு முதலாளியின் சம்மதம் வேண்டும் என்ற விதியை 2020-இல் அவர்கள் நீக்கினார்கள்; மாதம் ஆயிரம் ரியால் என்று குறைந்தபட்சச் சம்பளம் 2021-இல் நடைமுறைக்கு வந்தது; கோடையில், ஜூன் முதல் நாள் தொடங்கிச் செப்டம்பர் நடுப்பகுதிவரை, காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்றரை மணிவரை வெயிலில் வேலை வாங்கலாகாது. அவை எந்த அளவுக்கு நிறைவேறுகின்றன என்பதில் வேறுபட்ட கருத்துகள் உண்டு. ஆனால் அந்த இளைஞன் சொன்ன கடன் தோஹாவில் எழுதப்பட்டதன்று. நம் மாவட்டத் தலைநகர்களில், பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கிற அறைகளில் எழுதப்பட்டது. பதிவு பெற்ற முகவர் ஒருவர் வேலைக்கு அனுப்புவதற்காகத் தொழிலாளியிடம் பெறக்கூடிய உச்சத் தொகை முப்பதாயிரம் ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே என்று நம் இந்திய அரசின் விதி சொல்கிறது. அதற்கு இரசீதும் கொடுத்தாகவேண்டும். இலட்சக்கணக்கில் கொடுத்ததாகச் சொன்னவர்களில் ஒருவரிடமும் இரசீது இல்லை. முகவர் பதிவு பெற்றவர்தாமா என்று பார்க்கவும் புகார் கொடுக்கவும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்போரில் அந்தக் கரைக்குப் பிள்ளையை அனுப்ப எண்ணியிருப்பவர்கள் பலர் இருக்கக்கூடும். பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் அந்த அலுவலகத்தில் ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.